கிளினிக் நாள் பஸ்

மட்டக்களப்புக்கும் கல்முனைக்கும் இடையில் வாழ்நாள் முழுக்க பஸ் ஓட்டியவர் ஹலீம். அறுபத்தேழாவது வயதில் நெஞ்சுவலி வந்தது. இரத்தக் குழாய்க்குள் வளையம் வைத்து, காத்தான்குடி வீட்டுக்குக் கூட்டி வந்தார்கள். பஸ் வேறொருவர் கைக்குப் போனது.

மனைவி சபூராவும் மகள் நிஸ்றாவும் அவரை ஒரு வாளித் தண்ணீர்கூடத் தூக்க விடவில்லை. உட்காரக் கதிரை, மின்விசிறி, மருந்துப் பெட்டி எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தன. ஹலீமுக்கு அந்தக் கதிரை முள்ளாகக் குத்தியது. எழும்புவார், கேட் வரைக்கும் போவார், திரும்பி வருவார், மறுபடி எழும்புவார். தெருவில் போகும் பஸ்ஸின் சத்தத்தை வைத்தே கியர் மாற்றியது பிந்திவிட்டதென்று முணுமுணுப்பார்.

டொக்டர் நடக்கச் சொல்லியிருந்தார். போக இடமில்லாமல் நடப்பது ஹலீமுக்குப் பழக்கமில்லை. வாவிக்கரை வரைக்கும் போனால் எதிரில் வருபவர்கள் எல்லாரும் எங்கே போகிறீர்கள் என்று கேட்டார்கள். சும்மா என்று சொல்ல வாய் வரவில்லை. பாதி வழியில் திரும்பிவிடுவார்.

ஒரு நாள் காலை, மெயின் ரோட்டில் வந்து நின்ற பஸ்ஸில் ஏறிவிட்டார். அவர் ஓட்டிய அதே பஸ். ஸியாம் என்ற இளம் டிரைவர் மரியாதையாக முன் சீட்டைக் கொடுத்தான். ஆரையம்பதி தாண்டுவதற்குள் ஹலீமின் வலது கால் தரையை நாலைந்து தடவை மிதித்துவிட்டது. பிரேக்கைப் பிடி, அந்த வளைவில் மாடு நிற்கும், ஹோர்ன் அடி என்று வாயும் ஓயவில்லை. ஸியாம் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, அண்ணன் முறையில் அழைத்து மெல்லச் சொன்னான்.

“காக்கா, நீங்க பக்கத்துல இருந்தா எனக்கு ஓட்ட ஏலாம இருக்கு.”

ஹலீம் எழும்பிக் கதவடிக்குப் போனார். குருக்கள்மடத்தில் இறங்கிவிட்டார். அங்கே அவருக்கு ஒரு வேலையுமில்லை.

தரிப்பிடத்தில் ஆச்சிப்பிள்ளை உட்கார்ந்திருந்தார். எழுபது தாண்டியவர். முன்பு மீன் கூடையோடு ஹலீமின் பஸ்ஸில் போய்வந்தவர். பிள்ளைகள் இரண்டு பேரும் கட்டாரில். சீனி வருத்தம், அதாவது நீரிழிவு. இரத்தம் சோதிக்க வேண்டுமென்று வெறும் வயிற்றோடு கிளினிக்குக்குக் கிளம்பி வந்தவரைப் பார்த்து மூன்று பஸ்கள் நிற்காமல் போய்விட்டன. படியில் ஏற நேரமெடுக்கும் ஆட்களைக் கண்டால் அப்படித்தான் என்றார், கோபமில்லாமல். பின்னால் வரும் பஸ் முந்திவிடும் என்ற அவசரம் ஹலீமுக்குத் தெரியாததல்ல.

தூரத்தில் அடுத்த பஸ் தெரிந்தது. ஹலீம் ரோட்டுக்கு இறங்கி இரண்டு கையையும் விரித்து நின்றார். நின்ற பஸ்ஸில் ஆச்சிப்பிள்ளையைத் தாங்கி ஏற்றினார். ஏற்றி முடித்தபோது அவருக்கே மூச்சு வாங்கியது. ஆனால் அன்று மத்தியானம் அவர் சாப்பிட்டுவிட்டு அசையாமல் தூங்கினார்.

அடுத்த கிளினிக் நாளில், சபூரா சமையலறையில் போட்டு உட்காரும் பலகைக்கட்டையை ஒரு பையில் போட்டுக்கொண்டு குருக்கள்மடத்துக்குப் போனார். பஸ் படிக்குக் கீழே அதை வைத்தால் யாரையும் தூக்க வேண்டியதில்லை. அன்று ஆச்சிப்பிள்ளையோடு இன்னும் இரண்டு முதியவர்கள் ஏறினார்கள். சில டிரைவர்கள் ஏசினார்கள். ஒருவன் நிற்காமலே போனான். ஸியாம் ஹோர்னை நீட்டி அடித்தான், ஆனாலும் நின்றான்.

பலகைக்கட்டையைத் தேடிச் சபூரா வீட்டைப் புரட்டியதில் விஷயம் வெளியே வந்தது. நிஸ்றாவின் முகம் வெளிறிவிட்டது. நடு ரோட்டில் நின்று பஸ் மறிக்கிறாராம், நெஞ்சில் வளையத்தோடு.

“உங்களுக்கு அங்க ஒண்டு நடந்தா எங்களுக்கு யார் சொல்லுற, வாப்பா?”

அவளுடைய பயம் நியாயமானதுதான். ரோட்டில் இறங்க மாட்டேன், ஓரத்தில் நின்றுதான் கை காட்டுவேன், போனைக் கையில் வைத்திருப்பேன் என்று மட்டும் ஹலீம் சொன்னார். அவள் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. மருந்தைப் போட்டீர்களா என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அதற்குப் பிறகு வந்த கிளினிக் நாளில் ஆச்சிப்பிள்ளை வரவில்லை. மற்றவர்களை ஏற்றிவிட்டு ஹலீம் தரிப்பிடத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். பொறுக்க முடியாமல் வழி கேட்டு ஆச்சிப்பிள்ளையின் வீட்டுக்கே போனார். வாவிப் பக்கமாக இறங்கும் குறுகிய ஒழுங்கையில் கடைசி வீடு. ஆச்சிப்பிள்ளை முற்றத்தில் பாய் போட்டுப் படுத்திருந்தார். ஒரு கிழமையாக மருந்து எடுக்கவில்லை என்றார்.

“இனி எனக்கென்ன தம்பி. பிள்ளைகளும் இங்க இல்ல. ஆருக்காகப் போய் ஊசி குத்திற?”

பிள்ளைகளைப் பற்றி, கடவுளைப் பற்றி ஏதாவது ஆறுதல் சொல்லலாமா என்று ஹலீம் தேடிப் பார்த்தார். முற்றத்தில் இரண்டு தடவை நடந்தார். பிறகு உண்மையைச் சொன்னார்.

“எனக்கு வீட்டில இருக்க ஏலாது அக்கா. பைத்தியம் பிடிக்குது. நீங்க வராட்டி நான் எங்க போற?”

ஆச்சிப்பிள்ளை எழும்பி உட்கார்ந்தார். இந்த வயதில் தன்னிடம் ஒருவர் எதையோ கேட்கிறார் என்பது அவருக்கு விளங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. சீலை மாற்றிக்கொண்டு வருகிறேன் என்று உள்ளே போனார்.

ஒழுங்கையில் அவர் ஆமை மாதிரி நடந்தார். ஹலீம் முன்னால் போய், நின்று, திரும்பிப் பார்த்து, மறுபடி முன்னால் போனார். மெயின் ரோட்டுக்கு வருவதற்குள் ஒரு பஸ் கடந்துவிட்டது. ஓடிப்போய் மறிக்கக் கால் எழும்பியது. அடக்கிக்கொண்டார்.

கிளினிக்கில் அன்று பிந்தியதற்கு இரண்டு பேருக்கும் பேச்சு விழுந்தது. ஆச்சிப்பிள்ளையின் சீனி ஏறித்தான் இருந்தது. மருந்தை மாற்றி, இரண்டு கிழமையில் திரும்ப வரச் சொன்னார்கள். கூட வந்தவருக்கும் பிரஷர் பார்த்தார்கள். அது பரவாயில்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸின் படிக்குக் கீழே கட்டையை வைத்துக் குனிந்திருந்த நேரத்தில் நிஸ்றாவின் போன் வந்தது. எங்கே இருக்கிறீர்கள், வெயிலில் நிற்கிறீர்களா, மூச்சு வாங்குதா என்று அடுக்கிக்கொண்டே போனாள்.

“பொறு மகள்,” என்றார் ஹலீம். “ஆள் ஏறுறா.”