தம்பி கொடுத்த ரத்தம்

திரைச்சீலைக் கடைக்காரரைத் தெருவே 'மெத்தை' என்றுதான் கூப்பிடும். அவர் கோபித்துக்கொண்டதில்லை. கோபித்தால் மூச்சு வாங்கும்.

ஒருநாள் மனைவி கறாராகச் சொல்லிவிட்டாள்.

"ரத்தத்துல ரெண்டு மூணு புரதத்தை அளந்து பாத்தா, சர்க்கரை வியாதி வருமான்னு முன்கூட்டியே ஒரு அனுமானம் கிடைக்குமாம். டாக்டர் எழுதிக் கொடுத்துட்டார். காலையில கடைக்கே ஆள் வருவாங்க. வெறும் வயித்தோட இருங்க."

அவருக்கு ஊசி பயமில்லை. அவருடைய அப்பாவின் இடது காலை எடுத்தது அந்த வியாதிதான். தெரியாதவரைக்கும் நிம்மதி என்று இருந்தவரை இப்படி மூலையில் தள்ளினால் என்ன செய்வார்? முப்பது வருஷத் தொழில் புத்தி கைகொடுத்தது. வாடிக்கையாளருக்கு முதலில் விரித்துக் காட்டுவது நல்ல சுருளை. சாயம் போனது அடியில் கிடக்கும்.

கடையில் அளவெடுத்துத் தைப்பவன் அவருடைய தம்பி. ஒட்டடைக்குச்சி உடம்பு.

"டேய், நீ உக்காரு. பேர் கேட்டா என் பேரைச் சொல்லு."

"எதுக்குண்ணே?"

"உங்க அண்ணி வாயை அடைக்க. ஏதோ சர்க்கரை டெஸ்டாம். கொஞ்சம் ரத்தம்தானே, குறைஞ்சா போயிடுவே?"

ரத்தம் எடுக்க வந்த பெண் அவசரத்தில் இருந்தாள். தம்பியின் முகத்தைக்கூடப் பார்க்காமல் ரத்தத்தை எடுத்து, குழாயில் அண்ணன் பெயரை ஒட்டிக்கொண்டு போனாள்.

மூன்றாம் நாள் டாக்டரே கூப்பிட்டார். "அடிபோனெக்டின்னு ஒரு புரதம், கொழுப்புல இருந்து வர்றது. உங்களுக்கு ரொம்பக் குறைவு. வீக்கத்தைக் காட்டுற புரதம் அதிகம். சர்க்கரையும் எல்லையில நிக்குது. இன்சுலின் சொல்றதை உடம்பு கேக்கலை. உங்க எடைக்கு எதிர்பார்த்ததுதான். இந்த வாரமே வாங்க."

மெத்தை தம்பி இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தார். "ஒல்லியா இருக்கிறவங்களுக்கும் வருமா டாக்டர்?"

"வரும். கொழுப்பு உள்ளுக்குள்ள கல்லீரல்ல சேரும், வெளியில தெரியாது. அவங்கதான் பாவம், சந்தேகமே படமாட்டாங்க."

போனை வைத்ததும் தம்பி எட்டிப் பார்த்தான். "என்னண்ணே, என் ரத்தம் எப்படி?"

"பிரமாதம்" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. மனைவியிடமும் அதையே சொன்னார்.

அங்கேதான் மாட்டிக்கொண்டார். தம்பிக்குத் தலைகால் புரியவில்லை. தேநீருக்கு ரெண்டு கரண்டி சர்க்கரை போட்டவன் நாலாக்கினான். "நமக்கென்ன, டாக்டரே சர்டிபிகேட் கொடுத்தாச்சு" என்று தையல் இயந்திரத்துக்குப் பக்கத்தில் கேக் டப்பாவைத் திறந்து வைத்தான். உண்மையைச் சொன்னால் அடுத்த ஊசி மெத்தையின் கையில் இறங்கும். சொல்லாவிட்டால் ஒவ்வொரு கரண்டியும் அவர் கணக்கில் ஏறும். நடுவில் நின்று கரண்டிகளை எண்ணிக்கொண்டிருந்தார்.

பதினோராம் நாள், தம்பி ஐந்தாவது கரண்டியைக் கலக்கும்போது, கோப்பையைப் பிடுங்கி வாஷ்பேசினில் கொட்டினார்.

"என்னண்ணே, பைத்தியமா?"

"அந்த ரத்தம் சரியில்லைடா."

"எந்த ரத்தம்?"

"நீ கொடுத்தது."

தம்பி கொஞ்சம் சிரித்தான். அண்ணன் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டான். "எப்பத்துல இருந்து தெரியும்?"

"எட்டு நாளா."

"எட்டு நாளா நான் தின்னதைப் பாத்துக்கிட்டே இருந்திருக்கே." டப்பாவை மூடினான். "சரி. உன்னோடது எப்படி இருக்கு?"

"அது யாருக்குத் தெரியும்?"

தம்பி போனை எடுத்தான். துணி வெட்டும் மேசை இருவருக்கும் குறுக்கே கிடந்தது. மெத்தை அதைச் சுற்றிக்கொண்டு வருவதற்குள் அந்தப் பக்கம் மணி அடித்துவிட்டது.

"அண்ணி, ரத்தம் எடுக்கிற பொண்ணை நாளைக்கு மறுபடி வரச் சொல்லுங்க. ரெண்டு பேருக்கு."

"ரெண்டு பேரா? அவருக்குத்தான் அன்னிக்கே எடுத்தாச்சே" என்றது போன்.

தம்பி போனை மேசைக்கு மேலாக நீட்டினான்.

"நீயே சொல்லுண்ணே."