ஃப்ரீசரில் வைத்த சீசா

சதை கெடக் கூடாதென்றால் ஐஸ். மீன்கடைக்காரிக்குத் தெரிந்த வித்தை அது ஒன்றுதான். அதை வைத்தே இரண்டு பிள்ளைகளை ஆளாக்கிவிட்டாள். கடைசியில் அதுவே அவள் காலை வாரிவிட்டது.

புருஷனுக்கு மாசக்கணக்காக இருமல். சளி என்றார்கள், டிபி என்றார்கள், அவனும் மாத்திரையாகத் தின்று தீர்த்தான். ரத்தம் வந்த பிறகுதான் ஸ்கேன் எடுத்தார்கள். நுரையீரலில் கட்டி. முதுகில் ஊசி குத்தித் துளிச் சதை எடுத்ததில் நுரையீரலிலிருந்து காற்று கசிந்து, பாதி உயிர் போய்த் திரும்பியது.

டாக்டர் அந்தத் துளியை மருந்து ஊற்றிய சீசாவில் போட்டுக் கொடுத்தார். "வெளிய லேப்ல குடுங்கம்மா. என்ன வகை கேன்சர்னு தெரிஞ்சாத்தான் மருந்தே ஆரம்பிக்க முடியும்."

லேப் பூட்டியிருந்தது, இனி திங்கட்கிழமைதான். அவள் யோசிக்கவே இல்லை. நேரே கடைக்குப் போய், ஃப்ரீசரில் இருப்பதிலேயே நல்ல மீன்களுக்கு அடியில் சீசாவைப் பத்திரப்படுத்தினாள்.

"என்னையும் ஐஸ்ல போட்டுட்டியா? என்ன விலை சொல்லுவ?" என்றான் வார்டில் படுத்திருந்தவன். இருவரும் சிரித்தார்கள்.

திங்கட்கிழமை லேப்காரப் பெண் சீசாவைத் தொட்டதுமே முகம் மாறினாள். "கெடாம இருக்கத்தானேம்மா மருந்து ஊத்தியிருக்கு? ஃப்ரீசர்ல யாராவது வைப்பாங்களா?"

உறைந்ததில் செல்லெல்லாம் சிதைந்துவிட்டது, எதுவும் சொல்ல முடியவில்லை, மறுபடி ஊசிதான் என்று பதில் வந்தது. இந்தக் கையை வெட்டிப் போட்டால் என்ன என்றிருந்தது அவளுக்கு. பெற்ற பிள்ளைகளின் முகத்தைக்கூடப் பார்க்க முடியவில்லை.

இரண்டாவது ஊசியன்று கதவுக்கு வெளியே நின்றாள். "மூச்சை அடக்குங்க, அசையாதீங்க" என்று உள்ளே கெஞ்சினார்கள். இருமல் கேட்டது. பிறகு ஆட்கள் ஓடும் சத்தம். கதவு திறந்தபோது அவன் முகத்தில் ஆக்சிஜன், விலாவில் குழாய்.

நர்ஸ் சீசாவை நீட்டினாள். "லேப் திறந்திருக்கும்மா, சீக்கிரம் போங்க."

அவள் கைகளை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள். "வேணாம் சிஸ்டர். வேற யார்கிட்டயாவது குடுங்க. இது விளங்காத கை."

ஸ்ட்ரெச்சரில் கிடந்தவன் மாஸ்கை விலக்கினான். "அவகிட்டயே... குடுங்க."

அதற்குள் அவனுக்கு மூச்சு முட்டியது. நர்ஸ் மாஸ்கை அழுத்திப் பிடித்தாள்.

அவள் சீசாவை வாங்கிக்கொண்டாள். உள்ளே நூல்துண்டு அளவுக்கு அவன் சதை மிதந்தது. இன்னொரு முறை எடுக்க அவன் உடம்பில் தெம்பில்லை. அவள் ஓடினாள்.