சாயம் கழுவிய தலை

தலைக்குச் சாயம் பூசாமல் பத்மாவதி கொழும்புத் தெருவில் இறங்கியது அன்றைக்குத்தான் முதல் தடவை. பிறக்கும்போதே உடம்பில் நிறமில்லாதவள் அவள். தோல், முடி, இமைமயிர் எல்லாமே வெள்ளை. யாழ்ப்பாணத்தில் அடையாள அட்டைக்குப் படம் எடுத்த நாளில் தலைக்குக் கறுப்புச் சாயமும் புருவத்துக்கு மையும் பூசத் தொடங்கியவள், வெள்ளவத்தைக்கு வந்து லொட்ஜொன்றில் டெலிபோன் எடுக்கும் வேலையில் சேர்ந்த பிறகும் அதை விடவில்லை.

கழுவச் சொன்னது கொள்ளுப்பிட்டிக் கம்பனி. அவளைப் போலப் பிறந்த பத்துப் பேருக்கு வெயில் கிறீமும் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் கொடுக்க அது முன்வந்திருந்தது. அங்கே நலன்புரி வேலை பார்க்கும் மேபல் மிஸ் நல்ல மனுசி. தயங்கித் தயங்கித்தான் கேட்டார்.

“கோவிக்காதையும் பத்மா. சாயத்தோட நிண்டா படத்தில எல்லாரையும் போலத்தான் தெரிவீர். கம்பனிப் பெரியவை நம்பமாட்டினம். ஒரு நாளைக்குக் கழுவிப்போட்டு வாருமன்.”

மறுக்க வழியில்லை. இடது காது மடலில் ஒரு புண் மூன்று மாதமாக ஆறாமல் கிடந்தது. இனி வெயில் பட்டால் புற்றாகிவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவர் எழுதிய கிறீம் அவளால் வாங்கக்கூடியதல்ல.

கம்பனியில் படம் எடுத்தார்கள், கை தட்டினார்கள், ஆறு கிறீம் குழாய்களைப் பையில் போட்டுக் கொடுத்தார்கள். திரும்பும்போது கம்பனி வேனில் கடைசியாக இறங்க வேண்டியவள் அவள்தான்.

“சுது நோனா, உங்கட அரண்மனை கிட்ட வந்துட்டு” என்றார் டிரைவர் ஸாலிஹ். வெள்ளைக்காரி என்று தெருப்பிள்ளைகள் சிங்களத்தில் கத்துகிற அதே பேர்தான். இவர் வாயில் அது குத்தவில்லை. பத்மாவதி சிரித்தாள்.

பாலத்தடியில் சோதனைச்சாவடி. பொலிஸ்காரன் அட்டையைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், மறுபடி அட்டையைப் பார்த்தான். அதில் கருகருவென்ற தலை, தடித்த புருவம்.

“மே கவுத?” இது யார் என்று சிங்களத்தில் கேட்டான்.

“நான்தான்” என்று அவளும் சிங்களத்தில் சொன்னாள்.

போன கிழமைதான் நகரில் குண்டு வெடித்திருந்தது. அவளை இறக்கி, தொப்பியையும் கண்ணாடியையும் கழற்றி, ரோட்டோரம் நிறுத்தினார்கள். குழாய்கள் ஆறையும் ஒவ்வொன்றாக அமுக்கிச் சோதித்தார்கள். ஒரு வருடத்துக் கிறீம் தார் ரோட்டில் வெள்ளையாக வழிந்தது.

ஸாலிஹ் மேபல் மிஸ்ஸுக்கு டெலிபோன் எடுத்தார். கம்பனியிலிருந்து யாராவது வந்து இவள் யாரென்று சொல்லட்டும் என்று இருபது நிமிடம் போராடினார். கடைசியில் மறுமுனையில் மிஸ் அழுவது பத்மாவதிக்கும் கேட்டது.

“கம்பனிப் பேர் பொலிஸில போகக் கூடாதாம், ஸாலிஹ். நீங்க வேனைக் கொண்டு வாங்கோ.”

அவர் வேனை ஓரங்கட்டிவிட்டு வந்து, அவளுக்கும் வெயிலுக்கும் நடுவில் நின்றார்.

“போங்கோ நானா. உங்கட வேலை போயிடும்.”

“என்ட வேனில ஏறின ஆளை நடுரோட்டில விட்டுட்டா போற?” என்று தன் தொந்தியைத் தட்டினார். “பொஞ்சாதி இந்த வயித்தை ஏசாத நாளில்ல. இண்டைக்குப் பிரயோசனப்படுது பாருங்க.”

வெயில் கடல் பக்கம் சரியச் சரிய அவரும் அரை அடி அரை அடியாக நகர்ந்தார். ஆனால் அவர் டெலிபோனில் நின்ற அந்த இருபது நிமிடமே போதுமாக இருந்தது. புண் கொப்பளித்து, நீர் கழுத்துப் பட்டியில் இறங்கியது.

நாலு மணிக்கு ஜீப் வந்தது. ஸ்டேஷனுக்கு விசாரணைக்காம். எப்போது விடுவார்கள் என்று யாரும் சொல்லவில்லை. ஜீப்பில் காலியாக இருந்தது வெயில் விழுந்த பக்கம்.

ஸாலிஹ் உள்ளே இருந்த இளம் பொலிஸ்காரனிடம் சிங்களத்தில், “தம்பி, அவட காதைப் பார். அந்தப் பக்கம் வெயில்” என்றார்.

அவன் முகத்தைச் சுளித்தான். காதைப் பார்த்தான். எழுந்து வெயில் பக்கம் போய் உட்கார்ந்து, தான் இருந்த இடத்தைக் கையால் காட்டினான்.

பத்மாவதி அங்கே உட்கார்ந்தாள். ஜீப் நகர்ந்தது. கண்ணாடியில்லாத கண்ணுக்கு ஸாலிஹ் ஒரு மங்கலான உருவமாகத்தான் தெரிந்தார், பிறகு அதுவும் தெரியவில்லை. “முருகா” என்று தொடங்கினாள். காதுக்காகக் கேட்கத்தான் நினைத்தாள். வாயில் வந்ததோ, அந்த மனுசன்ட வேலையைக் காப்பாத்து என்றுதான்.