பூதத்தின் புள்ளிகள்

யுத்தம் முடிந்த மறு வருடம், புளியந்தீவில் வாவியைப் பார்த்த யன்னலோரம் க்ளைவ் ஒரு மந்திர உலக விளையாட்டை உருவாக்கியிருந்தான். ஆளுக்கு இருபது புள்ளிகள். வலிமை, மந்திரம், ஓட்டம், ஒளிதல் என நான்கு குணங்களுக்கு விருப்பப்படி பிரித்துக்கொள்ளலாம்.

தங்கை டெனீஸும் நண்பன் விஜிதரனும் விளையாட உட்கார்ந்தார்கள். க்ளைவ் ஆட்டுவித்த பூதம் ஊருக்குள் வந்தது. இருவரும் தாயக்கட்டையை உருட்டி ஒளிந்துகொண்டார்கள். பூதம் சுற்றிப் பார்த்துவிட்டுப் போய்விட்டது. மூன்று தரமும் இதே கதைதான்.

க்ளைவ் அவர்களின் கொப்பிகளைப் பறித்துப் பார்த்தான். இருவருமே ஓட்டத்துக்குப் பத்து, ஒளிதலுக்குப் பத்து என்று போட்டிருந்தார்கள்.

"என்ன விசர் வேல இது? அப்ப ஆரு சண்ட புடிக்கிற?"

"நாங்க உசிரோட இருக்கம்தானே" என்றாள் டெனீஸ்.

அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தன் கொப்பியில் பூதத்தின் பெயருக்குக் கீழே 'தேடுதல்: இருபது' என்று எழுதினான். "இனி வீடு வீடா வந்து தேடும். ஆள இழுத்துக்கொண்டு போகும்."

விஜிதரன் தாயக்கட்டையை மெல்லக் கீழே வைத்தான். "எங்கட அண்ணனும் நல்லாத்தான் ஒளிஞ்சிருந்தார்."

க்ளைவ் அழிறப்பரை எடுத்தான். அந்த இருபதைத் தாள் மெலியுமளவுக்குத் தேய்த்துவிட்டு, அதே இடத்தில் பூச்சியம் போட்டான்.

"பூதம் வருது" என்றான். இருவரும் ஒளிந்துகொண்டார்கள்.

இந்த முறை அது கதவைக்கூடத் தட்டவில்லை.