பிரேக் வாத்தியார்

ஊருக்கே பாடம் எடுக்கிறவருக்குப் பாடம் எடுக்க ஒருத்தி கிளம்பியிருக்கிறாள் என்றால், கொல்லன் தெருவில் ஊசி விற்கிற கதைதானே அது? வாத்தியார் அப்படித்தான் நினைத்தார். வாத்தியார் என்றால் பள்ளிக்கூடத்தில் இல்லை, கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். பயிற்சிக் காரில் அவர் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு. அதிலிருந்து அவர் கால் எடுத்து யாரும் பார்த்ததில்லை. தெருக்கோடியில் ஒரு நாய் கொட்டாவி விட்டாலே மிதித்துவிடுவார். அவரிடம் படித்தவர்கள் பரீட்சைக்குப் போய், வண்டியை எப்போது நிறுத்துவது என்று தெரியாமல் திருதிருவென்று முழிப்பார்கள். "மக்குங்க, எல்லாமே மக்குங்க" என்பார். அவர்கள் வைத்த பெயர்தான் பிரேக் வாத்தியார். அந்த மனிதர் அதைப் பாராட்டு என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

அன்று அவர் உட்கார்ந்திருந்தது மருத்துவமனை மாடியில், பாய் விரித்த ஓர் அறையில். மூத்த மகளுக்கு ஏ.டி.எச்.டி. ஓரிடத்தில் நிற்க மாட்டாள், கவனம் நிலைக்காது, தொட்டதற்கெல்லாம் பொங்கிவிடுவாள். குடும்பத்தில் தொடரக்கூடிய சங்கதி என்பதால், இப்போதுதான் தவழும் தம்பிக்கும் வரலாம், வராமலும் போகலாம். ஆனால் பொங்கின மனசைத் தானே அடக்கிக்கொள்ளக் குழந்தைக்கு இப்போதிருந்தே பெற்றவர்கள் உதவலாமாம். மகளைச் சித்தியோடு வெளியே விட்டுவிட்டு மனைவி இவரை உள்ளே இழுத்து வந்துவிட்டாள்.

பயம் அவருக்கும்தான். பையனும் அப்படி ஆகிவிட்டால் தாங்க முடியாது என்று உள்ளுக்குள் நடுங்கினார். வெளியே காட்டினால் வாத்தியார் கெத்து என்னாவது? அதனால் பயிற்சி தருகிற பெண்ணை மேலும் கீழும் பார்த்து, இவள் பெற்றாளா வளர்த்தாளா என்று உதட்டைச் சுழித்துக்கொண்டார்.

"வீட்ல விளையாடுற மாதிரியே விளையாடுங்க சார். நான் போன்ல வீடியோ எடுக்கிறேன்" என்றாள் அவள்.

விளையாடினார். பையன் ஒரு கிண்ணத்தை எடுத்தான். "அப்படி இல்லடா, இப்படி" என்று பிடுங்கித் தானே அடுக்கினார். பையன் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பினான். தாடையைப் பிடித்து இழுத்துத் திருப்பி, கிலுகிலுப்பையை மூக்குக்கு நேரே ஆட்டினார். பையன் விரலை வாயில் வைத்தான். "சீ, அழுக்கு" என்று எடுத்துவிட்டார். அவ்வளவுதான், வில்லாய் வளைந்து வீறிட்டான்.

"பாத்தீங்களா? அப்படியே அக்காகாரி" என்றார், ஏதோ ஜெயித்துவிட்ட மாதிரி.

மனைவி குழந்தையைத் தோளில் போட்டுச் சமாதானப்படுத்தினாள். அந்தப் பெண் வாதாடவில்லை. வீடியோவை ஓட்டி, நடுவில் நிறுத்தினாள். "இங்க மூஞ்சியத் திருப்புறான். எதுக்கு சார்?"

"கவனம் இல்ல. அதானே வியாதியே."

"இல்ல சார், எல்லாக் குழந்தையும் செய்றதுதான். அவனுக்குத் தாங்கல, கொஞ்சம் ஓய்வு எடுக்கிறான். அப்புறம் விரலை வாயில வைக்கிறான். தன்னைத் தானே சமாதானம் பண்ணிக்கப் பாக்குறான். ரெண்டையும் நீங்க தடுத்துட்டீங்க."

"அப்போ அழ விட்டு வேடிக்கை பாக்கணுமா?"

"வேணாம். பக்கத்துலயே இருங்க, மெதுவாப் பேசுங்க. முடியலன்னா தூக்கிக்கங்க. அவனால முடியுதான்னு பாக்க மட்டும் கொஞ்சம் நேரம் குடுங்க."

"பிரேக்குல இருந்து காலை எடுங்கன்னு சொல்றாங்க" என்றாள் மனைவி.

அந்தப் பெண்ணுக்குப் புரியவில்லை. வாத்தியார் முகத்தில் ஈயாடவில்லை.

மறுபடி உட்கார்ந்தார், கையைக் கட்டிக்கொண்டு. கிண்ணம் உருண்டு ஓடியது. பையன் சிணுங்கினான். இவருடைய வலது கால் பாயை அழுத்தியது. "அப்பா இங்கதான்டா இருக்கேன்" என்றார். பையன் சுவரைப் பார்த்தான், விரலைச் சப்பினான். சிணுங்கல் மெல்ல அடங்கியது. பிறகு தானாகவே திரும்பி அப்பாவைப் பார்த்துவிட்டு, கிண்ணத்தை நோக்கித் தவழ்ந்தான்.

"பெரியவளுக்கும் இப்படி விட்டிருந்தா வந்திருக்காதா?" என்று கேட்டார், சின்னக் குரலில்.

"வர்றது வந்திருக்கும் சார். அதுக்கு நீங்க காரணம் இல்ல."

அப்பாடா என்று உயிர் வந்தது. உயிர் வந்ததும் பழைய திமிரும் கூடவே வந்துவிட்டது. படியிறங்கும்போதே, "பெரிய வித்தை. சும்மா இருக்கிறதுக்கு ஒரு பயிற்சி" என்று ஆரம்பித்துவிட்டார்.

கீழே பெஞ்சில் சித்தி பக்கத்தில் மகள் மின்விசிறியை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். ஷூ நாடா அவிழ்ந்து கிடந்தது. அப்பா வருவதைக் கண்டதும், பேச்சுமில்லை பார்வையுமில்லை, இரண்டு காலையும் நீட்டினாள். மூன்றாம் வகுப்புப் படிக்கிற பிள்ளை. இவர் வழக்கம்போல் குனிந்தார். பாதியில் நின்றார். நிமிர்ந்து கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"நீயே கட்டு பாப்போம்."

கால்கள் கொஞ்ச நேரம் நீட்டியபடியே இருந்தன. அப்புறம் மெதுவாக உள்ளே இழுத்துக்கொண்டாள்.

"அப்பா" என்றாள். "நான் என்ன தப்பு பண்ணேன்?"