'நீங்கள்' என்ற சொல்

அன்று சுன்னாகத்துச் சுருட்டுக் கொட்டிலில் இருந்தவர்கள்: முதலாளி அருளம்பலத்தின் மருமகன் அருட்பிரகாசம், மேற்பார்வை பார்க்கும் கதிரவேலு, சுருட்டுச் சுற்றும் யாகோப்பு, அவனோடு சுற்றும் ஆறு பேர். முதலாளி பாரிசவாதத்தில் கைகால் விழுந்து படுக்கையாகிவிட்டார். கொழும்பில் வெள்ளைக்காரக் கொம்பனியில் கிளாக்கராயிருந்த மருமகன் கையில்தான் இப்போது பொறுப்பு.

கதிரவேலுவுக்கு யாகோப்பைக் கண்ணில் காட்டக்கூடாது. கதிரவேலு சுற்றிய சுருட்டில் இறுக்கத்தால் ஒருநாளும் புகை இழுபட்டதில்லை. அதனால்தான் மேற்பார்வைக்கு ஏற்றிவிட்டார்கள். யாகோப்பு அதை மறக்க விடுவதில்லை. "கதிரவேலண்ணை சுத்தினதைப் பத்தவைக்கிறதிலும் பாக்க உலக்கையைப் பத்தவைக்கலாம்" என்று அன்று காலையும் கொட்டிலைச் சிரிக்க வைத்திருந்தான்.

யாகோப்பு சுற்றி, கொழும்புக் கடைக்காரன் திருப்பியனுப்பிய சுருட்டுக் கட்டோடு அருட்பிரகாசம் வந்து நின்றான். குறை சொல்லுமுன் நிறை சொல்லவேண்டும், மரியாதையாய்ச் சொல்லவேண்டும் என்று கொம்பனியில் பழகியவன்.

"யாகோப்பு, நீங்கள் நல்ல வேலைக்காரர்."

எல்லாக் கைகளும் நின்றன. முதலாளி வாயில் எவனும் 'நீ'தான். மூதேவி, எருமை எல்லாம் அன்றாடப் பேச்சு. ஒருவனை வேலையால் நிறுத்தும் அன்றைக்கு மட்டும் 'நீங்கள்' வரும். "நீங்கள் நல்ல வேலைக்காரர். வேறை இடம் பாருங்கோ." மருமகனுக்கு இது தெரியாது. கதிரவேலுவுக்குத் தெரியும்.

"விளங்குது" என்றான் யாகோப்பு. முகம் செத்துப்போயிருந்தது. மாரி தொடங்கிவிட்டது, இனி எந்தக் கொட்டிலிலும் ஆள் எடுக்கமாட்டார்கள். வீட்டில் ஐந்து வாய். புகையிலை வெட்டும் தன் கத்தியைத் துடைத்து மடியில் செருகிக்கொண்டு எழுந்தான்.

"இருங்கோ, நான் சொல்லி முடிக்கேல்லை."

"இருங்கோவாம்" என்று யாகோப்பு மற்றவர்களைப் பார்த்துச் சொன்னான். "மாமன் சொல்லேக்கை நாக்கு இவ்வளவு இனிக்கேல்லை."

அருட்பிரகாசத்தின் காது சிவந்தது. "உவருக்கு என்ன பிடிச்சது?" என்று கதிரவேலுவிடம் கேட்டான். 'கொஞ்சம் இளக்கிச் சுற்று' என்பதைத் தவிர அவனுக்குச் சொல்ல வேறொன்றும் இருக்கவில்லை.

ஒரு சொல் போதும். கதிரவேலு அதை நாக்கில் வைத்துப் பார்த்தார். விழுங்கினார்.

"திருத்தம் சொன்னால் உவன் பொறுக்கான், தம்பி. எப்பவும் உப்பிடித்தான்."

"அப்ப போகட்டும். சொல்லுக் கேளாதவன் எனக்குத் தேவையில்லை."

கதவுத் திறப்பை எடுத்துக்கொண்டு கதிரவேலு யாகோப்பின் பின்னால் வாசல்வரை போனார். வாசலுக்கு வெளியே மழைத்தூறலில் யாகோப்பு திரும்பினான்.

"அண்ணை, நான் விட்ட பிழை என்ன?"

"என்னைக் கேட்டால்?"

கதவைச் சாத்தினார். திறப்பை இரண்டு முறை திருப்பினார்.