ராக்கெட் இறங்கிய மத்தியானம்

என் வீட்டுக்காரர் அழுது நான் இரண்டு தடவைதான் பார்த்திருக்கிறேன். ஒன்று, மாமனார் போனபோது. இன்னொன்று, அமெரிக்காவில் ஏதோ ஒரு ராக்கெட் மேலே போய், அதன் அடிப்பாகம் மட்டும் கழன்று திரும்பி வந்து, கிளம்பிய இடத்துக்குப் பக்கத்திலேயே நெட்டுக்குத்தலாக நின்றபோது. மாமனாருக்காவது துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். ராக்கெட்டுக்கு அதுவும் இல்லை. கண்ணீர் வழிய வழிய, "பாத்தியா லட்சுமி, எப்படிப் போச்சோ அப்படியே வந்துருச்சு" என்றார். அவர் கூப்பிட்டாரே என்று எழுந்து வந்ததில் அடுப்பில் குழம்பு தீய்ந்துபோனதுதான் எனக்கு மிச்சம்.

பெயர் சீனிச்சாமி. தொழில், கல்யாணம் காதுகுத்துக்கு மைக்செட் போடுவது. திருத்தங்கலில் இருந்து ஆனைக்குட்டம் போகிற வழியில் எங்கள் ஊர். சுற்றிலும் வெடியாபீஸ்கள், பட்டாசு ஆலையை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். ஊரில் பாதிப் பேருக்குப் பட்டாசு செய்கிற வேலைதான், எனக்கும் அதுதான். நான் கட்டுவது ராக்கெட்டுக்குக் குச்சி. பகலெல்லாம் ராக்கெட்டைத் தொட்டுத் தொட்டு விரலெல்லாம் பசையோடு வீட்டுக்கு வந்தால், அங்கே டிவியில் இன்னொரு ராக்கெட் நிற்கும். என் தலையெழுத்தைப் பாருங்கள்.

"எங்க ராக்கெட்டும்தான் மேல போகுது. குச்சி எவன் வீட்டு மாடியில விளுந்துச்சுன்னு ஒருநாளாவது அண்ணாந்து பாத்திருக்கீகளா?" என்று கேட்டேன் ஒரு தடவை.

"அது குச்சி. இது பூஸ்டரு" என்றார். "கீள வரும்போது மறுபடியும் நெருப்பு விட்டு வேகத்தக் கொறைச்சு, காலை விரிச்சு எறங்குது. எம்புட்டு கணக்கு போட்டிருப்பான்!"

கேஸ் சிலிண்டர் எப்போது தீரும் என்கிற கணக்குகூடத் தெரியாத மனிதர் இதைச் சொல்கிறார்.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். ஆளுக்கு ஒரு கிறுக்கு இருக்கத்தான் செய்யும், குடிக்கிற கிறுக்குக்கு இது தேவலை. ஆனால், பல்லாயிரம் மைலுக்கு அப்பால் ஒரு குழாய் பத்திரமாகத் திரும்பி வருகிறதா என்று இமை கொட்டாமல் உட்கார்ந்திருக்கிறவர், வெடியாபீஸுக்குப் போன பெண்டாட்டி சாயங்காலம் வாசலில் செருப்பைக் கழற்றும்போது தலையைத் தூக்கிக்கூடப் பார்க்க மாட்டார். அதுதான் எனக்கு ஆறவில்லை.

ஆடி மாதம் ஒருநாள் பக்கத்து ஆபீஸில் ஒரு ரூம் வெடித்துவிட்டது. நல்லவேளை, ஆட்கள் சாப்பிடப் போயிருந்த நேரம், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் சத்தம் கேட்டால் ஊர் சும்மா இருக்குமா? எங்கள் ஆபீஸுக்குள் போன் கொண்டுபோகக் கூடாது, எல்லாவற்றையும் கேட்டிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள். அதனால் சத்தம் கேட்டதும் வீட்டில் உள்ளவர்கள் ஓடி வந்து கேட்டில் நிற்பார்கள். நாங்கள் ஒவ்வொருத்தியாக வந்து கம்பிக்குப் பின்னால் முகத்தைக் காட்டுவோம். தன் வீட்டு முகத்தைப் பார்த்ததும் திட்டிவிட்டுப் போகிறவர்களும் உண்டு, அங்கேயே உட்கார்ந்து அழுகிறவர்களும் உண்டு.

அன்றைக்கு எல்லோரும் வந்திருந்தார்கள். என்னோடு ஒரே ரூமில் வேலை பார்க்கிற சண்முகத்தாயின் வீட்டுக்காரர் ராக்கப்பன், பாதிச் சவரத்தோடு சோப்பு நுரை காயாமல் வந்து நின்றார். நானும் போய்க் கம்பிக்குப் பின்னால் நின்றேன். எனக்கு மட்டும் ஆள் இல்லை. சாத்தூரில் ஒரு கல்யாணத்துக்கு மைக்செட் போடப் போனவருக்குத் தன் பாட்டுச் சத்தத்தில் ஊரில் இருந்து போன் அடித்தது கேட்கவில்லையாம். ராத்திரி வந்தார், விஷயத்தைக் கேட்டார், "அடப்பாவமே" என்றார், சாப்பிட்டார்.

"ஒன் வீட்டுக்காரரு வரலையேடி" என்று சண்முகத்தாய் மறுநாள் பரிதாபப்பட்டாள். திட்டினால்கூட வாங்கிக்கொள்ளலாம், பரிதாபத்தை என்ன செய்வது? அன்றிலிருந்து எனக்கு ஒரே கேள்விதான். எனக்கு ஒன்று ஆனால் இந்த மனிதர் வருவாரா, மாட்டாரா?

புரட்டாசி வந்தது. சீசன் நேரம், ஆர்டர் கழுத்தைப் பிடிக்கிறது, மூச்சுவிட நேரமில்லை. இவர் காளியம்மன் கோயில் பொங்கலுக்கென்று புதிதாக இரண்டு பேஸ் பாக்ஸ் ஸ்பீக்கர் வாங்கி வந்து முற்றத்தில் நிறுத்தினார். ஆள் உயரம் ஒவ்வொன்றும். பாட்டுப் போட்டுப் பார்த்தபோது அலமாரியில் டம்ளர் நடந்து போய்க் கீழே விழுந்தது. "அடி எப்படி இருக்கு பாத்தியா?" என்று பூரித்தார். நான் டம்ளரைப் பொறுக்கினேன்.

அந்த வாரத்திலேயே ஒருநாள் மத்தியானம் ராக்கெட் இருந்திருக்கிறது. இவர் என்ன செய்தார் தெரியுமா? டிவி ஒயரைக் கொண்டுபோய் அந்த பாக்ஸில் மாட்டினார். பூஸ்டர் கீழே வரும்போது வானத்தில் இரண்டு வெடிச் சத்தம் கேட்குமாம், காற்றைக் கிழித்துக்கொண்டு வருவதால். அதை முழுசாகக் கேட்க வேண்டுமாம். வெடியாபீஸ் ஊரில், சீசன் நேரத்தில், பட்டப்பகலில்! ஊரைச் சுற்றி இத்தனை ஆபீஸ் இருக்கிறதே என்று ஒரு நிமிஷம் யோசிக்கிற மூளை இருந்திருந்தால் அவர் ஏன் சீனிச்சாமியாக இருக்கிறார்?

எங்கள் ரூமில் எனக்குக் கேட்டது லேசான 'தும்... தும்' மட்டும். யாரோ தூரத்தில் நெல் மூட்டையைப் போட்டது மாதிரி இருந்தது. கை நின்றது, அவ்வளவுதான். சண்முகத்தாய் என் முகத்தைப் பார்த்தாள், நான் அவள் முகத்தைப் பார்த்தேன். அதற்குள் போர்மேன் செல்லப்பாண்டி அண்ணாச்சி வெளியே இருந்து கத்தினார்.

"எல்லாரும் போட்டது போட்டபடி வெளிய வாங்க! ஊரே ஓடி வருது!"

வெளியே வந்தால் ரோட்டில் பைக்கும் சைக்கிளும் ஆளுமாகக் கேட்டை நோக்கி வருகிறார்கள். அதைப் பார்த்து, ஊருக்குள்தான் என்னவோ ஆகிவிட்டது என்று நாங்கள் ஓடினோம். கேட்டில் இரண்டு கூட்டமும் முட்டிக்கொண்டது.

"எந்த ரூம்?" என்று அவர்கள் கத்தினார்கள்.

"எங்க ரூம் எல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஊருல என்ன?" என்று நாங்கள் கத்தினோம்.

"ஊருல ஒண்ணுமில்ல. சத்தம் இங்கனதான!"

"அங்கனதான கேட்டுச்சு!"

அந்த நேரம் பார்த்து ஆபீஸுக்குப் பின்னால் கண்மாய்ப் பக்கம் கருப்பாகப் புகை எழும்பியது. ஒருத்தி "அய்யோ" என்று நெஞ்சில் அடித்துக்கொண்டாள். செல்லப்பாண்டி அண்ணாச்சிதான் உற்றுப் பார்த்து, "அது கரிமூட்டம்த்தா, வேலிக்கருவை வெறகக் கரிக்குச் சுட்டுக்கிட்டு இருக்கான், காலையில இருந்து பொகையுது" என்றார்.

எல்லோரும் விழித்துக்கொண்டு நிற்கும்போது ராக்கப்பனுக்கு ஊரில் இருந்து டீக்கடைக்காரர் போன் செய்தார்.

"என்னலே சொல்ற? மறுபடியும் கேட்டுச்சா? யார் வீட்டுல?" என்றவர், போனைக் காதில் வைத்தபடியே மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார். இறங்கியதையே டிவியில் மறுபடி போட்டுக் காட்டியிருக்கிறார்கள். மறுபடியும் சத்தம். ஊரில் மிஞ்சி நின்ற இரண்டு மூன்று பேர் அது எங்கள் முற்றத்தில் இருந்து வருகிறது என்று கண்டுபிடித்துவிட்டார்கள்.

அதற்குப் பிறகு நான் பட்ட பாட்டை வாயால் சொல்ல முடியாது. அழுதவர்களெல்லாம் சிரித்தார்கள், சிரித்து முடித்ததும் திட்டினார்கள். ஒரு பெரியம்மா மண்ணை வாரி எங்கள் வீட்டுத் திசையில் எறிந்தாள். கை நடுங்குகிறவளை வெடிமருந்துப் பக்கம் விடக் கூடாது என்று அண்ணாச்சி எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார். மருமகன், கொழுந்தன், தம்பி என்று வந்திருந்த ஆண்கள் அவரவர் பெண்களைப் பைக்கில் ஏற்றிக்கொண்டார்கள்.

"ஒன் வீட்டுக்காரரு வரல போல" என்றாள் சண்முகத்தாய். பிறகு அவளே, "அவரு எதுக்கு வருவாரு? சத்தம் எங்க இருந்து வந்துச்சுன்னு அவருக்குத்தான தெரியும்" என்று முடித்துவைத்தாள்.

நியாயம்தான். நூற்றுக்கு நூறு நியாயம். அந்த நியாயத்தைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. ஊரையே ஓடவைத்துவிட்டு, ஓடத் தேவையில்லை என்று தெரிந்த ஒரே ஆளாக அவர் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். கண்ணில் தண்ணீர் வேறு வழிந்துகொண்டிருக்கும். வழி நெடுக என்ன சொல்ல வேண்டும் என்று சேர்த்துக்கொண்டே நடந்தேன். இத்தனை வருஷமாகச் சொல்லாமல் விட்டதையும் சேர்த்துக்கொண்டேன்.

வீடு திறந்து கிடந்தது. பாக்ஸ் இரண்டும் உர்ரென்று உறுமிக்கொண்டிருந்தன. டிவியில் அந்த ராக்கெட், உடம்பெல்லாம் கரி பூசிக்கொண்டு, நேராக நின்றது. திரையின் கீழ் மூலையில் வெள்ளைக்காரர்கள் குதித்துக் கை தட்டினார்கள். நாற்காலியில் ஆள் இல்லை.

ஊர் ஏச்சுக்குப் பயந்து எங்கேயோ ஒளிந்துகொண்டார், ஏச்சு வாங்க நான் இருக்கிறேனே என்று நினைத்துக்கொண்டேன். ஒயரைப் பிடுங்கினேன். அதற்குப் பிறகு வாசலுக்கு வந்த அத்தனை பேரிடமும் நான்தான் கையெடுத்துக் கும்பிட்டேன். பொழுது சாயப் போகும்போது பின்பக்கக் கதவு சத்தம் கேட்டது.

உள்ளே வந்தவரைப் பார்த்ததும் சேர்த்துவைத்ததெல்லாம் மறந்துபோனது. கைலி முட்டிவரை கிழிந்திருந்தது. கையெல்லாம் கீறல். காலில் செருப்பு இல்லை, இரண்டு பாதத்திலும் ரத்தம். என்னைப் பார்த்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே கீழே உட்கார்ந்தார்.

"எங்க போனீக?"

"ஒன் ஆபீஸுக்கு" என்றார். "கண்மாய்க்குள்ள குறுக்க விளுந்து ஓடினேன். முள்ளு."

"கேட்டுக்கு நீங்க வரலையே?"

"பொகை தெரிஞ்சுச்சுல்ல. மொதல்ல அங்கன போனேன். கரிமூட்டம். பெறவு வேலியச் சுத்திக் கேட்டுக்கு வந்தா ஒருத்தரும் இல்ல. எல்லாரும் போயாச்சுன்னான் வாச்மேன். எனக்கு நம்பிக்கை இல்ல. ஒன் ரூமத் திறந்து காட்டச் சொன்னேன். மாட்டேன்னுட்டான். சண்டை போட்டுத்தான் பாத்தேன். குச்சியெல்லாம் அப்படியே கெடந்துச்சு. திரும்பி வரக் காலு ஊண முடியல, அங்கங்க உக்காந்து வந்தேன்."

"என்னங்க, எனக்கு ஒண்ணு வெளங்கல" என்றேன். "சத்தம் நம்ம பாக்ஸ்ல இருந்துதான வந்துச்சு?"

"ஆமா."

"டிவியப் பாத்துக்கிட்டு இருந்தது நீங்கதான?"

"ஆமா."

"அப்ப எதுக்கு ஓடினீக?"

அவர் குனிந்து பாதத்தில் இருந்த ரத்தத்தைக் கைலியால் துடைத்தார்.

"நம்ம செட்டுதான்னு சொல்லத்தான் வெளிய வந்தேன். எல்லாரும் ஓடுறாக, யாரும் கேக்கல. எந்த ஆபீஸ்னு ஒருத்தன் கேட்டான். இன்னொருத்தன் ஒன் ஆபீஸ் பேரைச் சொன்னான். எனக்குத் தெரியும், லட்சுமி. நம்ம பாக்ஸுதான்னு நல்லாத் தெரியும். ஒருவேளை ரெண்டும் ஒரே நேரத்துல வெடிச்சிருந்தா?"

இப்படி ஒரு முட்டாள்தனத்தை நான் கேட்டதே இல்லை. "புத்தி இருக்கா ஒங்களுக்கு? முள்ளுக் காட்டுக்குள்ள செருப்பு இல்லாமயா ஓடுவாக?" என்று கத்தினேன். கத்தும்போதே அழுகை வந்துவிட்டது, அதற்கும் அவர்மேல்தான் கோபம் வந்தது. சேலையில் இருந்த ஊக்கைக் கழற்றி, அவர் காலை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு முள்ளெடுக்க உட்கார்ந்தேன். ஒவ்வொரு முள்ளுக்கும் ஒரு ஏச்சு கொடுத்தேன். வலித்தாலும் காலை இழுக்கவில்லை.

சத்தம் வந்ததுமே வெளியே போனவர், ராக்கெட் தரையில் நின்றதைப் பார்க்கவே இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. என்ன ஆனது என்று கேட்பார் என்று பார்த்தேன். இரண்டாவது காலையும் பார்த்து முடித்துவிட்டேன், மஞ்சளும் வைத்துவிட்டேன். கேட்கவே இல்லை. பாவமாக இருந்தது. போனால் போகிறதென்று நானே சொன்னேன்.

"எறங்கிருச்சு. நேரா நின்னுச்சு, நான் பாத்தேன்."

என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தவர், "எது?" என்றார்.